புதுக்கடையில் ஒரு மொழிபெயர்ப்பு அறை: தம்பிக்கு வந்த வலிப்பும் லொறியைப் பிடித்த கடிதமும்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஆவணம் மொழிபெயர்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால் நல்லது. நான் இரண்டு இடத்தில் கொடுத்தேன். முதல் இடத்தால் பட்ட பாட்டையும், இரண்டாவது இடம் அதை எப்படிச் சரிசெய்து தந்தது என்பதையும் எழுதுகிறேன். இரண்டின் பெயரையும் போடவில்லை. முதலாவது ஆட்களோடு வழக்காடிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. இரண்டாவது ஐயாவோ, "பேர் போடாதீங்கோ பிள்ளை, இப்ப வாற வேலையே செய்து முடிக்க ஏலாமல் கிடக்கு" என்று கேட்டுக்கொண்டார். அடையாளம் சொல்கிறேன், தேடிப் போகலாம்.

என் தம்பி வவுனியாவில் இருக்கிறான். லீசிங்கில் ஒரு சின்ன லொறி எடுத்து, கிழமைக்கு மூன்று தடவை மரக்கறி ஏற்றிக்கொண்டு பெலியகொடை மெனிங் சந்தைக்கு வருவான். பெப்ரவரியில் ஒரு விடியப்புறம், லொறியை நிறுத்தி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே விறைத்து விழுந்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. 34 வயது, அதற்கு முன் ஒருநாளும் இப்படி வந்ததில்லை. பக்கத்தில் நின்றவர்கள் லொறித் திறப்பை அவன் கைக்குள் திணித்திருக்கிறார்கள், இரும்பு பிடித்தால் நிற்கும் என்ற நம்பிக்கையில். நல்லகாலம், ஒருவர் 1990க்கு அடித்திருக்கிறார். அம்புலன்ஸ் வந்து கொழும்பில் வைத்தியசாலையில் சேர்த்தார்கள், நாலு நாள் வார்டில் இருந்தான். வீட்டுக்கு விடும்போது, நாங்கள் சொல்லும்வரை வாகனம் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஓடவில்லை என்றால் வருமானம் இல்லை, வருமானம் இல்லை என்றால் தவணை கட்ட முடியாது. மே மாதம் 8ஆம் திகதி லீசிங் ஆட்கள் வந்து, மன்னார் வீதியில் வீட்டுக்கு முன்னால் நின்ற லொறியைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்கிற மாதிரியே சொன்னால், லொறியை சீஸ் பண்ணிவிட்டார்கள்.

அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டு சொன்னது இதுதான்: "அவனையும் பிடிச்சுது, இப்ப லொறியையும் பிடிச்சிட்டாங்கள்."

அந்த வசனத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. பிறகு பல தடவை நினைத்துப் பார்த்தேன், ஏனென்றால் எங்கள் கையில் வந்து சேர்ந்த கடதாசிகளிலும் அதே கதைதான். வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில், லீசிங் நிறுவனம் அனுப்பிய கடிதமும் ஆங்கிலத்தில். தம்பிக்கு வந்ததற்கும் 'சீஷர்' என்று போட்டிருக்கிறது, லொறிக்கு நடந்ததற்கும் 'சீஷர்' என்று போட்டிருக்கிறது. கடிதத்தில், கைப்பற்றிய நாளிலிருந்து 14 நாளுக்குள் நிலுவையைப் பற்றிப் பேசித் தீர்க்காவிட்டால் லொறியை விற்பார்கள் என்றும் இருந்தது. வவுனியாவில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். அங்கே நீதிமன்ற வேலை தமிழில் நடப்பதால், தேவைப்பட்டால் உடனே பாரப்படுத்துவதற்கு எல்லாவற்றையும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத் தமிழில் எடுத்து அனுப்பச் சொன்னார். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், மூலப்பிரதிகளும் என்னிடம்தான் இருந்தன. அதனால் வேலை என் தலையில்.

முதல் கடை. வீதியிலேயே பெரிய பலகை, போட்டோ கொப்பி, லமினேட்டிங், மொழிபெயர்ப்பு என்று எல்லாம் ஒரே இடத்தில். ஒரு பையன் வாங்கிப் பக்கத்தை எண்ணினான், ஆறு, பக்கத்துக்கு 1,200 ரூபா, நாளைக்கு வாங்கோ என்றான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போது அது எனக்குக் கெட்டித்தனமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் வாங்கி வாசித்தால், டயக்னோசிஸ் காட்டின் முதல் வரியே, "நோயாளிக்கு முதலாவது கைப்பற்றல் அத்தியாயம் ஏற்பட்டது." கீழே, "வார்டில் மேலும் கைப்பற்றல்கள் இடம்பெறவில்லை." வைத்தியர் வெளிப்படையான தூண்டுதல் எதுவும் இல்லாமல் வந்த வலிப்பு என்ற பொருளில் எழுதிய ஒரு சொல் இருந்தது, அதை "ஆத்திரமூட்டப்படாத கைப்பற்றல்" என்று போட்டிருந்தார்கள். இதை வாசிக்கிற ஒருவர் என்ன நினைப்பார்? ஏதோ பொலிஸ் விவகாரம், இவனை யாரோ பிடித்திருக்கிறார்கள், ஆத்திரமூட்டல் பற்றியும் பேச்சு இருக்கிறது என்று நினைப்பார். வீட்டில் பின்பற்றச் சொல்லித் தந்த ஆலோசனைத் தாள் அதைவிட மோசம். "கைப்பற்றல் 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அம்புலன்ஸை அழைக்கவும்" என்று இருந்தது. தம்பியின் மனைவி தமிழில் மட்டும் வாசிக்கிற பிள்ளை. வீட்டில் அவள் தனியாக இருக்கும்போது இன்னொரு தடவை வந்தால், அவள் கையில் இருக்கப்போகிற தாள் அது ஒன்றுதான்.

அங்கேயே நின்று, இது தவறு, இது வலிப்பு, மாற்றித் தாருங்கள் என்றேன். பையன் முகம் கோணாமல் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டு வந்தான். காட்டைப் பார்த்தேன், வலிப்பு வலிப்பு என்று சரியாக இருந்தது. முத்திரை குத்தி வாங்கி, அன்றைக்கே வவுனியா பஸ்ஸில் கொடுத்து அனுப்பிவிட்டேன். லீசிங் கடிதத்தின் மொழிபெயர்ப்பை மறுபடி பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து சட்டத்தரணியின் ஜூனியர் எடுத்தார். குரலில் ஒரு தயக்கம். "அக்கா, ஒண்டு கேக்கவேணும். டொக்டர் ஓட வேண்டாம் எண்டு சொன்ன பிறகும் தம்பி லொறி ஓடினவரோ?" இல்லை என்றேன், பெப்ரவரிக்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. "அப்ப மே 8ஆம் திகதி மன்னார் வீதியில வாகனத்தோட வலிப்பு வந்தது எண்டு இருக்கே" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. நான் காட்டில் பிழை என்று சொன்னவுடன், அந்தப் பையன் கணினியில் ஒரே தட்டில் ஆறு பக்கத்திலும் இருந்த 'கைப்பற்றல்' எல்லாவற்றையும் 'வலிப்பு' ஆக்கியிருக்கிறான். லொறியைக் கைப்பற்றினது, லொறியோடு வந்த வலிப்பாக மாறிவிட்டது. கைப்பற்றிய நாளிலிருந்து 14 நாள் என்பதும் வலிப்பு வந்த நாளிலிருந்து 14 நாள் ஆகிவிட்டது. அதன் கீழே ஒரு முத்திரை, ஒரு கையொப்பம், "உண்மையானதும் சரியானதுமான மொழிபெயர்ப்பு" என்ற உறுதிமொழி.

இது சின்ன விஷயம் இல்லை என்பது, கிளினிக்கில் வைத்தியர் சொன்னதை நினைத்தபோதுதான் முழுதாக உறைத்தது. ஒருமுறை வலிப்பு வந்தவர் எல்லோரும் கால்கை வலிப்பு நோயாளி இல்லை. சீனி இறங்கினாலும் வரும், சோடியம் குறைந்தாலும் வரும், குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினாலும் வரும், சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலிலும் வரும். அப்படி ஒரு தூண்டுகாரணமும் இல்லாமல், 24 மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு தடவை வந்தால்தான் பொதுவாக கால்கை வலிப்பு நோய் என்று சொல்வார்கள். ஒரேயொரு தடவை வந்தாலும், அடுத்த பத்து வருடத்துக்குள் திரும்ப வரும் வாய்ப்பு 60 வீதமோ அதற்கு மேலோ என்று சோதனைகளில் தெரிந்தால் அதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். வலிப்பு நோய்க்கான சர்வதேச அமைப்பு 2014இல் வெளியிட்ட வரையறை அது. தம்பிக்கு வந்தது ஒன்று. கடதாசியில் இப்போது இரண்டு. பெப்ரவரியில் ஒன்று, மேயில் இன்னொன்று, அதுவும் வீதியில் வாகனத்தோடு. யாரும் பரிசோதிக்காமலே, ஒரு தட்டச்சுப் பிழை அவனுக்கு ஒரு நோயைக் கொடுத்து, கூடவே வைத்தியர் பேச்சை மீறி லொறி ஓடினவன் என்ற பழியையும் கொடுத்துவிட்டது. இது நீதிமன்றக் கோப்புக்குள் போயிருந்தால் பிறகு காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் என்று எங்கெல்லாம் தொடர்ந்திருக்கும்!

14 நாளில் எட்டு நாள் போய்விட்டது. அலுவலகத்தில் ஒரு அண்ணா சொல்லித்தான் இரண்டாவது இடத்துக்குப் போனேன்.

நீதிமன்ற வளாகத்திலிருந்து நடக்கிற தூரம், கீழே ஒரு தேநீர்க் கடை, பக்கத்தால் ஒடுங்கிய படி, மேலே போனால் ஒரே ஒரு அறை. ஒரு மேசை, ஒரு கணினி, அதில் தட்டச்சு செய்கிற ஒரு தங்கச்சி, சுவர் முழுக்க அலுமாரி. அலுமாரிக்குள் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் பழைய சொற்றொகுதிகள், அட்டை கழன்று நூலால் கட்டி வைத்தவை. ஐயா முன்பு நீதிமன்றத்தில் முதலியாராக இருந்தவர். தெரியாதவர்களுக்கு, எங்கள் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளரை முதலியார் என்றுதான் கூப்பிடுவது. சாட்சிக்கூண்டில் நிற்கிறவர் சொல்வதை நீதவானுக்கு அந்த நிமிடமே சொல்லிச் சொல்லிப் பழகிய ஆள் என்பது அவர் கேள்வி கேட்கிற விதத்திலேயே தெரியும்.

கடதாசிகளை வாங்கியதும் பக்கத்தை எண்ணவில்லை. "இருங்கோ பிள்ளை. ஆருக்கு என்ன நடந்தது, முதல்ல சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். பிறகு ஆறு பக்கத்தையும் இரண்டு குவியலாகப் பிரித்தார். "இது உடம்பு. இது உடைமை." முதல் கடையின் மொழிபெயர்ப்பையும் கேட்டு வாங்கி வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "எத்தினை தரம் வலிப்பு வந்தது?" ஒருதரம் என்றேன். "இதில ரெண்டு இருக்கு." ஒரு சிவப்புப் பேனையால் மே 8ஐ வட்டமிட்டார். எனக்கு மூன்று நாளாக நெஞ்சுக்குள் இருந்ததை ஒருவர் வட்டமிட்டுக் காட்டியபோது கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அவசரம் என்பதால் அன்று பின்னேரம்வரை அங்கேயே இருந்தேன். அவர் வேலை செய்துகொண்டே பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டதில் கொஞ்சத்தை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'சீஷர்' என்ற சொல் இரண்டு பக்கமும் நிற்பதற்குக் காரணம், அடியில் இருப்பது பிடித்தல் என்ற ஒரே பொருள். 'எபிலெப்ஸி' என்ற சொல்லும் கிரேக்கத்தில் பற்றிப் பிடிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான். ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து மனிதனைப் பிடிக்கிறது என்றுதான் அந்தக் காலத்தில் நினைத்தார்கள். தமிழில் நாங்கள் வேறு வழியால் போனோம். வலிப்பு என்றால் வலி, நோவு என்று இன்றைக்குப் பலர் நினைக்கிறார்கள், ஆனால் வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிக்கிறோம் அல்லவா, அந்த வலித்தல். கைகால் இழுபடுகிறதைக் கண்ணால் பார்த்து வைத்த பெயர். கால்கை வலிப்புத்தான் வாய்க்குள் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆனது என்று சொல்வார்கள். முதல் கடை ஓர் இடத்தில் "காக்காய் வலிப்பு நோயாளி" என்றும் போட்டிருந்தது. ஐயா அதை அடித்துவிட்டு, "காட்டில அப்பிடி ஒரு முடிவும் இல்லை, நாங்கள் ஏன் எழுதவேணும்" என்றார். வலிப்பு என்ற சொல் சிங்களத்துக்கும் போயிருக்கிறது. வார்டில் தாதி எங்களிடம் சிங்களத்தில் கேட்டதும் 'வலிப்புவ' எப்போது வந்தது என்றுதான்.

வலிப்பு என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா வலிப்பும் இழுக்காது. பள்ளிக்கூடப் பிள்ளை சில விநாடி அப்படியே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி எழுதத் தொடங்கும், ஆசிரியர் கனவு காண்கிறாய் என்று அடிப்பார். அதுவும் வலிப்புத்தான். அந்த மாதிரி அறிக்கைகள் வந்தால் ஐயா வலிப்பு என்று எழுதிவிட்டு, பக்கத்தில் எந்த வகை என்பதையும் வைத்தியர் எழுதியபடி விளங்கத்தக்கதாக எழுதுவாராம், வாசிக்கிறவர் கைகால் இழுத்தது என்று நினைத்துவிடாதபடிக்கு. தம்பியுடையது முதலில் விறைத்துப் பிறகு வெட்டி இழுக்கிற வகை. அதை "உடல் முழுவதும் விறைத்துத் துடிக்கும் வலிப்பு" என்று போட்டார். வலிப்பு விட்ட பிறகு அவன் அரை மணித்தியாலம் யாரையும் மட்டுக்கட்டாமல் இருந்தான், அதற்கு வைத்தியர்கள் எழுதுகிற சொல்லை முதல் கடை விட்டுவிட்டது. ஐயா "வலிப்பின் பின்னான குழப்பநிலை" என்று எழுதினார். 'எபிசோட்' அத்தியாயம் இல்லை, "தடவை". தூண்டுகாரணம் எதுவும் அறியப்படாத, முதல் தடவை ஏற்பட்ட வலிப்பு. அந்த ஒரு வரி சரியாக வந்ததும் அவனுடைய கதை முழுவதும் சரியாகிவிட்டது.

பழைய ஆட்கள் இந்த நோயை முயலகன் என்றும் சொல்வார்கள் என்றார். நடராசர் காலடியில் கிடக்கிறாரே, அதே முயலகன். கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் நோய் வந்து, திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்த கதையை எங்கள் சைவ சமயப் பாடத்தில் படித்திருக்கிறேன், ஆனால் அது வலிப்பு நோய் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலில் நின்றபோது, சாமியின் முகத்தைப் பார்க்காமல் காலடியைத்தான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, உடைமைக் குவியலுக்கு வருகிறேன். இங்கேதான் ஐயா பிடிவாதமான ஆள். கைப்பற்றல் வேறு, பறிமுதல் வேறு என்பதை எனக்கு விளங்கும்வரை விடவில்லை. பத்திரிகையில் எதைப் பிடித்தாலும் பறிமுதல் என்று எழுதிவிடுகிறார்கள். இந்தியப் படம் பார்த்து ஜப்தி என்றும் சொல்கிறோம். கைப்பற்றினால் பொருள் அவர்களுடைய கையில் இருக்கிறது, அவ்வளவுதான். அது யாருடையது என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. பறிமுதல் என்றால் உங்களுக்கு அதில் இருந்த உரிமையே போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் புறக்கோட்டை வியாபாரி ஒருவர் சுங்கத்தில் பிடிபட்ட துணிப் பொதிக்கான கடதாசியோடு உட்கார்ந்திருந்தார். சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி பொருளைக் கைப்பற்றிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், நான் உரிமை கோரப்போகிறேன் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால்தான் அது அரசுக்குப் போகும். அவருடைய பழைய மொழிபெயர்ப்பில் பறிமுதல் என்று இருந்ததால், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து மூன்று கிழமை சும்மா இருந்துவிட்டாராம். ஒரு சொல் ஒருவருடைய மாதத்தைத் தின்றுவிடுகிறது பாருங்கள்.

பொலிஸ் சந்தேகத்தில் ஒரு பொருளை எடுத்தாலும் கைப்பற்றல்தான், அதை உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும், யாரிடம் ஒப்படைப்பது என்பதை அவர்தான் கட்டளையிடுவார். கடன் வழக்கில் தீர்ப்பு வந்து, பிஸ்கால் என்கிற நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து எடுப்பதும் கைப்பற்றல். அதற்கும் எல்லை இருக்கிறது. 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில், உடுக்கிற உடுப்பு, படுக்கை, தொழில் செய்கிற கருவி போன்றவற்றில் கைவைக்கக்கூடாது என்று இருக்கிறது. அதைக் கேட்டதும் நான் துள்ளி எழும்பினேன், லொறி தம்பியின் தொழில் கருவிதானே என்று. ஐயா பொறுமையாக விளங்கப்படுத்தினார். லீசிங்கில் கடைசித் தவணை கட்டும்வரை வாகனத்தின் சொந்தக்காரர் நிறுவனம், தம்பி வாடகைக்கு வைத்திருக்கிறவன் மாதிரி, அதனால் அந்த விதி இங்கே உதவாது. நிறுவனம் தன் பொருளைத் திரும்ப எடுத்திருக்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பிலும் வெறும் கைப்பற்றல் என்று விடாமல் "குத்தகை வாகனத்தை மீளக் கைப்பற்றியமை" என்று எழுதினார். அப்படி எடுக்கும்போது ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் உள்ளபடி அறிவித்தல் கொடுத்தார்களா என்று பார்ப்பது உங்கள் சட்டத்தரணியின் வேலை, அதை நான் சொல்லக்கூடாது என்று அத்தோடு நிறுத்திக்கொண்டார். தன் வேலை எங்கே முடிகிறது என்று தெரிந்த ஆள், எனக்கு அது நிரம்பப் பிடித்திருந்தது.

அம்மா சொன்ன வசனத்தை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவனையும் பிடிச்சுது, லொறியையும் பிடிச்சிட்டாங்கள். ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டார். "அதுதான் பிள்ளை சரியான மொழிபெயர்ப்பு. பேய் பிடிக்கும், காய்ச்சல் பிடிக்கும், பொலிஸ் பிடிக்கும், நரம்பு பிடிக்கும். ஒரு சொல்லுக்குள்ள ரெண்டையும் வைச்சிருக்கிறா அம்மா. ஆனா நீதிமன்றத்துக்கு அதைக் கொடுக்க ஏலாது, ஆர் பிடிச்சது எண்டு கேப்பினம்."

இனி நேரே மதிப்பீடு. பக்கத்துக்கு 1,800 ரூபா, அவசரத்துக்கு மேலதிகமாக ஒன்றும் வாங்கவில்லை. ஆலோசனைத் தாளுக்குக் காசு எடுக்கவில்லை, அது நீதிமன்றத்துக்கு இல்லை, வீட்டுக்கு என்றார். அதைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்யச் சொல்லி அவரே கேட்டார். விழுந்தவரைப் பக்கவாட்டில் திருப்புங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், இறுக்கிப் பிடித்து அமத்தாதீர்கள், நேரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 1990. எல்லாம் பேசுகிற மாதிரி நேரான தமிழில். கையில் இரும்பு கொடுப்பதால் பயன் இல்லை என்று நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். வைத்தியர் எழுதாததை மொழிபெயர்ப்பில் சேர்க்க முடியாது, கீழே உங்கள் கையால் எழுதுங்கள் என்றார். எழுதினேன். இப்போது அது தம்பி வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. படி மிகச் செங்குத்து, முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் ஏறவே முடியாது. கீழே இருந்து கூப்பிட்டால் அந்தத் தங்கச்சி இறங்கி வந்து வாங்குவாள் என்று பிறகுதான் தெரிந்தது. அட்டையால் காசு கட்ட முடியாது. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் ஏற்கமாட்டார், மூலப்பிரதியைக் கண்ணால் பார்க்காமல் முத்திரை குத்தமாட்டேன் என்பார், வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருக்கிறவர்களுக்கு அது பெரிய கரைச்சல். எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள், மென்பிரதி வாங்கினால் உங்கள் தொலைபேசியில் ஒன்றும் வாசிக்க முடியாது, ஸ்கேன் செய்துதான் அனுப்பச் சொல்ல வேண்டும். சாதாரண வேலைக்கு மூன்று நான்கு நாள் எடுக்கும். ஐந்தில் நாலரை கொடுப்பேன், அந்த அரை படிக்குப் போகிறது.

வேறு யாரிடம் கொடுத்தாலும் சில விஷயம் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரின் முத்திரையில் எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று இருக்கும், உங்கள் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்று வாசியுங்கள். ஒரே கோப்பில் வைத்தியக் கடதாசியும் வழக்குக் கடதாசியும் இருந்தால் தனித்தனியாகக் கொடுங்கள், ஒரே கோப்பாகத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பிழை ஒன்றைத் திருத்தச் சொன்னால், திருத்தி வந்த பிறகு முழுவதையும் முதலிலிருந்து வாசியுங்கள், நீங்கள் சொன்ன இடத்தை மட்டும் இல்லை. வாங்கும்போது ஒரு கேள்வியும் கேட்காத இடத்தில் கொடுக்காதீர்கள்.

புது மொழிபெயர்ப்பு அன்றிரவே பஸ்ஸில் போனது. பழையதைத் திருப்பி எடுத்துக் கிழித்தார்கள். பன்னிரண்டாவது நாள் சட்டத்தரணியின் கடிதம் நிறுவனத்துக்குப் போய், நிலுவையில் பாதியைக் கட்டி மிச்சத்தைப் பிரித்துக் கட்டச் சம்மதம் வந்தது. லொறி வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது ஒரு சாரதி ஓட்டுகிறார், தம்பி பக்கத்தில் இருந்து வருகிறான், மூட்டைக் கணக்கு மட்டும் பார்க்கிறான். மருந்து எதுவும் இன்னும் தொடங்கவில்லை. மூளையின் மின்னலைகளைப் பதிகிற ஈ.ஈ.ஜி. எடுத்தாயிற்று, அது சாதாரணமாக வந்தாலும் அதை மட்டும் வைத்து ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அந்த அறிக்கை அடுத்த கிழமை கிடைக்கும், அதுவும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பின்னேரம் நாலு மணிக்கு முன்னால் போனால் ஐயா இருப்பார்.